அடுத்தவன் பேர்ல மொய் எழுதாதே, மாப்ளே!

உன்னைத்தான் மாப்ளே. ராஸ்தா பேட்டையில கேட்டரிங் கடை போட்டாச்சு, கடைக்கு வெப்சைட் போட்டாச்சு, வெப்சைட்ல 'எங்களைத் தொடர்பு கொள்ள'ன்னு ஒரு ஃபாரமும் வச்சாச்சு. வச்சுட்டு, "இந்தப் புனேக்காரனுக்கு நம்ம சாம்பாரோட அருமை தெரியல மாமா, ஒருத்தனும் ஆர்டர் கேக்க மாட்டேங்கிறான்"னு ஊரையே வைஞ்சுக்கிட்டுத் திரியறியே, உன்கிட்டதான் பேசறேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கூடம் நேராத்தான் இருக்கு. நீ ஸ்பாம் பெட்டியைத் திறந்து பாத்தியா?

நீ எங்க பாக்கப் போறே! உன் பொண்ணுதான் நேத்து வேற ஏதோ தேடப் போயி அதைத் திறந்தா. உள்ள கோத்ரூட்லேருந்து ஒரு அம்மா எழுதியிருக்கா. பேரனுக்கு முஞ்ஜ, அதான் நம்ம பூணூல் கல்யாணம், 200 இலை, வெங்காயம் பூண்டு இல்லாத சமையல், என்ன விலை ஆகும்னு மரியாதையாக் கேட்டிருக்கா. அவ சொன்ன முகூர்த்தம் முடிஞ்சு, அந்தப் பையன் சந்தியாவந்தனத்தை மறக்கவே ஆரம்பிச்சிருப்பான். மேல ஒரு லாட்டரிக்காரன், கீழ ஒரு முடி வளர்ற எண்ணெய்க்காரன், நடுவுல அந்த மகராசி. பதில் வரும் வரும்னு பாத்துட்டு, 'இந்த அண்ணாவுக்குத் திமிரு ஜாஸ்தி'ன்னு வேற ஆளைப் புடிச்சிருப்பா. ஜிமெயில் ஸ்பாம் பெட்டியில எதையும் 30 நாள்தான் வச்சிருக்கும், அப்புறம் தானே கூட்டித் தள்ளிடும். அதுக்கு முந்தி எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து குப்பையில போச்சோ, கணக்குக் கேக்க ஆள் இல்ல.

இந்த ஊர்க்காரன் கடை வாசல்ல எழுதி வைக்கிற பலகையைப் படிச்சிருக்கியா? மதியம் 1 மணிலேருந்து 4 மணி வரைக்கும் தூங்குவோம், பெல்லை அடிக்காதேன்னு வெட்டொண்ணு துண்டு ரெண்டா எழுதி வச்சிருப்பான். புணேரி பலகைன்னா நாடு பூரா பேரு. படிச்சா சுருக்குன்னு இருக்கும், ஆனா பொய் இருக்காது. உன் ஃபாரம் என்ன எழுதுது? பட்டனை அமுக்கின உடனே, 'நன்றி, உங்கள் செய்தி எங்களை வந்தடைந்தது'ங்குது. எங்க வந்தடைஞ்சுது? சர்வர் கையில குடுத்ததோட அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தக் கடுதாசி கிணத்துல விழுந்துச்சா, குளத்துல விழுந்துச்சான்னு ஃபாரத்துக்குத் தெரியாது. தெரியாமலே வாய் கூசாமப் புளுகுது.

அதுவும் எந்த ஊர்ல? அமெரிக்காக்காரன் சூப்பர் கம்ப்யூட்டர் தர மாட்டேன்னு முரண்டு புடிச்சப்போ, 1988-ல சி-டாக்னு ஒரு ஆராய்ச்சி நிலையத்தை ஆரம்பிச்சு, விஜய் பட்கர் தலைமையில 1991-ல பரம் 8000-ன்னு நாமளே ஒண்ணைச் செஞ்சு காமிச்ச ஊரு இது. அதே ஊர்ல உக்காந்துக்கிட்டு, 200 இலைக்கு வந்த ஒரு ஆர்டரைப் புடிக்கத் தெரியல உனக்கு. அடுத்தாப்புல கூகுள்ல விளம்பரம் குடுக்கப் போறேன்னு வேற கெளம்பியிருக்கியாம்!

பேராவூரணிக் கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னுதானே முழிக்கிறே? காலையில கமலா நேரு பார்க்குக்கு வந்து பாரு. பெஞ்சுக்கு ஒரு ரிட்டையர்டு இன்ஜினியர் குந்தியிருப்பாரு. வீட்டுல அவர் பேச்சைக் கேக்க ஆள் கெடையாது. அம்ருத்துல்யா கடை டீ ஒண்ணு வாங்கிக் குடுத்து வாயைக் கிளறினா, இன்டர்நெட் எப்படிப் பொறந்துச்சுங்கிறதுலேருந்து எங்க நாறிப்போச்சுங்கிறது வரைக்கும் கொட்டிடுவாரு. நீ கன்சல்டன்டுக்கு ஆயிரக்கணக்குல அழுவுறே. மாமன் டீயோட முடிச்சுட்டேன்.

சரி, சங்கதிக்கு வர்றேன். 1971-ல ரே டாம்லின்சன்ங்கிறவர் ஒரு கம்ப்யூட்டர்லேருந்து இன்னொண்ணுக்கு முதல் மெயிலை அனுப்பினாரு. மெயில் ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்குப் போறதுக்கு எஸ்.எம்.டி.பி.ன்னு ஒரு முறை இருக்கு. 1982 ஆகஸ்ட்ல ஜான் போஸ்டல் அதை எழுதி வச்சாரு. அந்த முறையில 'அனுப்புறது யாரு?'ன்னு கேப்பாங்க. நீ எந்தப் பேரைச் சொன்னாலும் ஒத்துக்குவாங்க, அத்தாட்சி கேக்க மாட்டாங்க. அப்ப அந்த வலையில இருந்ததெல்லாம் யுனிவர்சிட்டிக்காரங்க, ராணுவ ஆராய்ச்சிக்காரங்க. ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க. ஆனா அந்தக் கூட்டத்துலயும் அதுக்கு முந்தியே ஒரு சமர்த்தன் பூந்துட்டான். 1978 மே 3-ம் தேதி, டிஜிட்டல் எக்யுப்மென்ட் கம்பெனியோட கேரி துயர்க், சுமார் 400 பேருக்கு ஒரே அடியா 'எங்க கம்ப்யூட்டரை வந்து பாருங்க'ன்னு விளம்பரத்தைத் தட்டிவிட்டாரு. உலகத்தோட முதல் ஸ்பாம் அதுதாங்கிறாங்க. வாங்கின திட்டுக்குக் குறைவில்ல. ஆனா ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அன்னைக்குப் பிடிச்ச சனி இன்னைக்கும் விடல.

அதனால இப்ப ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் எல்லாம் வாசல்ல ஆள் போட்டு விசாரிக்குது. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்கணும்ல? வாடிக்கைக்காரன் ஃபாரத்தை நிரப்பிட்டான், சாமி வரம் குடுத்தாச்சு. பூசாரி உன் மூஞ்சியைப் பாத்து சந்தேகப்படறான். ஏன் சந்தேகப்படறான்னு கேளு.

நம்ம பேராவூரணிப் பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து நடக்கும்ல, அங்க நோட்டை விரிச்சுப் போட்டுக்கிட்டு மொய் எழுதுறவரு ஒருத்தர் இருப்பாரு. நீ பணத்தை நீட்டி, கீரமங்கலத்துப் பெரிய வீட்டுக்காரர் பேரைச் சொல்லி 'எழுதுங்க'ங்கிறே. அவரு கண்ணாடியை மூக்குல இறக்கி உன்னை ஏற இறங்கப் பாத்து, "அவருதான் உள்ள பந்தியில கறிச்சோறு சாப்பிட்டுக்கிட்டு இருக்காரே, நீ யாருப்பா?"ன்னு கேப்பாரா மாட்டாரா? உன் ஃபாரம் பண்ற காரியம் அதேதான். கோத்ரூட் அம்மா தன்னோட ஜிமெயில் விலாசத்தை ஃபாரத்துல எழுதுறா. உன் ஃபாரம், அந்த அம்மாவே அனுப்புன மாதிரி, 'ஃப்ரம்'ங்கிற இடத்துல அவ விலாசத்தைப் போட்டு, எங்கயோ கெடக்கிற உன் ஹோஸ்டிங் சர்வர்லேருந்து ஜிமெயிலுக்கே அனுப்புது. ஜிமெயில் என்ன கேணையா? அந்த அம்மா தன் வீட்டுப் பிள்ளை, இந்தக் கடுதாசி தன் வீட்டுலேருந்து கெளம்பலைன்னு அதுக்குத் தெரியாதா? தூக்கி ஸ்பாம்ல போட்டுடுச்சு.

அந்த அம்மாவாவது ஸ்பாமுக்கு வந்தா, கொடுத்து வச்சவ. யாஹூ விலாசம் வச்சிருக்கிறவன் கதி அதைவிட மோசம். தன் பேர்ல வெளி ஆள் யாராவது மெயில் அனுப்பினா, வாங்காம அப்படியே திருப்பிடுங்கன்னு யாஹூ 2014 ஏப்ரல்லயே உலகத்துக்கு அறிவிச்சிருச்சு. அதனால அவன் எழுதுனது உன் ஸ்பாமுக்குக்கூட வராது, வாசல்லயே திரும்பிடும். திரும்புற தாக்கீது எங்க போகும்? சர்வர்ல யாரும் எட்டிப் பாக்காத ஒரு கணக்குக்குப் போகும். அதனால ஸ்பாமைத் துழாவிட்டோம், எல்லாம் கெடைச்சிருச்சுன்னு மீசையை முறுக்காதே.

இப்ப வைத்தியம் சொல்றேன். முதல் மருந்துக்குக் காசே கெடையாது. ஃபாரம் செட்டிங்ல 'ஃப்ரம்'ல உன் டொமைன் விலாசத்தைப் போடு, உன் கடைப் பேர்ல இருக்கிற விலாசம். வாடிக்கைக்காரன் விலாசத்தை 'ரிப்ளை-டு'ங்கிற இடத்துல போடு. நீ பதில் எழுதப் பட்டனை அமுக்கினா கடுதாசி நேரா அவனுக்குத்தான் போகும். வேலையும் கெடாது, பொய்யும் இல்ல. நீ வச்சிருக்கிற கான்டாக்ட் ஃபாரம் 7 ப்ளகின்லயே, 'ஃப்ரம்'ல வேற டொமைன் விலாசத்தைப் போட்டா, அது இந்த சைட்டோட டொமைன் இல்லையேன்னு எச்சரிக்கை காமிக்கும். நீதான் அதை எக்ஸ் போட்டு மூடிட்டியே, மகராசா.

ரெண்டாவது, அனுப்புற வழி. உன் சைட்டு ஓடுற வேர்ட்பிரஸ்ஸை அப்படியே விட்டா, பிஹெச்பி மெயில்னு சொல்ற வழியில, ஹோஸ்டிங் சர்வர் மூலமா மொட்டைக் கடுதாசியா அனுப்பும். நீ மாசம் நூறு ரூபாய்னு வாங்குன ஹோஸ்டிங்ல, ஒரே ஐ.பி. முகவரியில உன்னோட சேத்து நூத்துக்கணக்குல சைட்டு குடியிருக்கும். அதுல ஒருத்தன் திருட்டு மருந்து வித்தாலும் அந்த ஐ.பி. மொத்தமும் கெட்ட பேரு வாங்கும். லண்டன்ல 1998-ல ஆரம்பிச்ச ஸ்பாம்ஹாஸ் மாதிரியானவங்க கறுப்புப் பட்டியலே வச்சிருக்காங்க. நீ சுத்தமா இருந்தும் அடி வாங்குவே. அதனால ஒரு எஸ்.எம்.டி.பி. ப்ளகின் போட்டு, நீ மெயில் வச்சிருக்கிற இடத்தோட சர்வர் பேரு, போர்ட் 587, யூசர் நேம், பாஸ்வேர்டு குடு. கூகுள் கணக்குன்னா உன் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது, ரெண்டு அடுக்குப் பாதுகாப்பைப் போட்டுட்டு ஆப் பாஸ்வேர்டுன்னு தனியா வாங்கணும். இனிமே மெயில் கதவைத் தட்டி, பேரு சொல்லி, கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பும்.

மூணாவது, அத்தாட்சிப் பத்திரம். மூணு இருக்கு, மூணும் உன் டொமைனோட டி.என்.எஸ்.ங்கிற பதிவேட்டுல எழுதி வைக்கிற வரிங்கதான். முதல்ல எஸ்.பி.எஃப். என் பேர்ல அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதின்னு நீ வெளியிடற பட்டியல். 2006-ல எழுத்துல வந்துச்சு, 2014-ல திருத்தி எழுதினாங்க. இதுல நம்மாளுங்க பண்ற கூத்து என்னன்னா, ஒருத்தன் சொன்னான்னு ஒரு எஸ்.பி.எஃப். வரி, இன்னொருத்தன் சொன்னான்னு இன்னொண்ணு. ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது. எல்லாரையும் ஒரே வரியில சேத்து எழுதணும். அந்த வரியைச் சரிபாக்க டி.என்.எஸ்.ல 10 தடவைக்கு மேல தேட வச்சாலும் போச்சு. ஊர்ல இருக்கிற சர்வீஸை எல்லாம் அதுல சேத்துக்கிட்டே போகாதே.

அடுத்தது டி.கே.ஐ.எம். 2007-ல வந்தது. அனுப்புற ஒவ்வொரு மெயில்லயும் உன் மெயில் சர்வர் ஒரு ரகசியச் சாவியால கையெழுத்துப் போடும். அதைச் சரிபாக்கிற பொதுச் சாவி உன் டி.என்.எஸ்.ல இருக்கும். வழியில யாராவது ஒரு எழுத்தை மாத்தினாலும் கையெழுத்து ஒத்துப்போகாது. சாவி 2048 பிட் இருக்கட்டும்.

கடைசியா டிமார்க், 2012-ல அறிவிச்சு 2015-ல எழுத்தாக்கினது. இதுதான் சூட்சுமக்காரன். கண்ணுக்குத் தெரியற ஃப்ரம் பேரும், எஸ்.பி.எஃப்.லயோ டி.கே.ஐ.எம்.லயோ பாஸான பேரும் ஒண்ணான்னு பாக்கும். உன் பொண்ணை அந்தக் கோத்ரூட் மெயிலைத் திறந்து, ஓரத்துல மூணு புள்ளியைத் தொட்டு, 'ஷோ ஒரிஜினல்' போடச் சொன்னேன். எஸ்.பி.எஃப்.க்கு நேரா 'பாஸ்'னு போட்டிருந்துச்சு. நீ பாத்திருந்தா ஆஹான்னு குதிச்சிருப்பே. பாஸானது யாரு? ஹோஸ்டிங் கம்பெனி சர்வரோட பேரு. ஃப்ரம்ல இருக்கிறது யாரு? கோத்ரூட் அம்மா. ரெண்டும் ஒட்டல, அதனால அதுக்குக் கீழ டிமார்க் 'ஃபெயில்'. அடுத்த வீட்டுப் பையன் பரீட்சையில பாஸானா உனக்கு வேலை கெடைக்குமா?

டிமார்க்ல ஒட்டாத மெயிலை என்ன பண்றதுன்னும் நீயே சொல்லலாம்: ஒண்ணும் பண்ணாதே, ஒதுக்கி வை, திருப்பி அனுப்பு. எடுத்த எடுப்புல வீரமா 'திருப்பி அனுப்பு'ன்னு எழுதிடாதே. முதல்ல 'ஒண்ணும் பண்ணாதே'ன்னு வச்சு, வர்ற அறிக்கையைப் பாரு. உன் பில்லை அனுப்புற சாஃப்ட்வேர் ஒண்ணு உன் பேர்ல அனுப்பிக்கிட்டு இருக்கும், நீயே மறந்திருப்பே. எல்லாத்தையும் பட்டியல்ல சேத்துட்டு அப்புறம் இறுக்கு.

'நான் என்ன பெரிய கம்பெனியா மாமா, எனக்கெதுக்கு இதெல்லாம்?'னு கேப்பே. 2024 பிப்ரவரியிலேருந்து ஜிமெயிலுக்கு யார் அனுப்பினாலும், சின்னவனா இருந்தாலும், எஸ்.பி.எஃப். இல்லாட்டி டி.கே.ஐ.எம். ஏதாவது ஒண்ணு வேணும். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல அனுப்புறவனுக்கு மூணும் வேணும், ஸ்பாம்னு ஜனங்க அமுக்குற விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது. யாஹூவும் அதே நேரத்துல இறுக்குச்சு, 2025 மே மாசத்துலேருந்து அவுட்லுக்கும் பெரிய அனுப்புநர்களைக் கேக்க ஆரம்பிச்சிருச்சு. ஜிமெயில் விலாசத்தை ஃப்ரம்ல போட்டு வெளியிலேருந்து அனுப்பாதேன்னு கூகுள்காரன் தன் விதியிலயே தெளிவா எழுதியிருக்கான். உன்னை நெனச்சுத்தான் எழுதினான் போல.

இன்னொரு கோளாறு. 'நாங்கள் விரைவில் தொடர்பு கொள்வோம்'னு ஃபாரம் நிரப்பினவனுக்குத் தானாப் பதில் போற ஏற்பாடு வச்சிருக்கே. மரியாதைதான். ஆனா ராத்திரி 2 மணிக்கு உன் ஃபாரத்தை நிரப்புறது மனுஷன் இல்ல, மெஷினு. அது ஊர்ல எவனெவன் விலாசத்தையோ போட்டு, செய்தியில ஒரு சூதாட்ட லிங்க்கையும் ஒட்டிவிடும். உன் ஃபாரம் அந்த லிங்க்கோட சேத்து, பாவம் அந்த அப்பாவிக்கு 'நன்றி'ன்னு அனுப்பும். அவன் ஸ்பாம்னு அமுக்குவான். கெட்ட பேரு மெஷினுக்கா? உன் டொமைனுக்கு. அதனால தானாப் போற பதிலை நிறுத்து. இல்லேன்னா அவன் எழுதினதை அதுல திருப்பி ஒட்டாதே. கேப்சா ஒண்ணு போடு. மனுஷன் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை மறைச்சு வச்சு, அதை நிரப்புனவன் மெஷின்னு தள்ளிவிடற வித்தையும் இருக்கு, அதையும் போடு.

பேரு கெட்டா என்ன ஆகும்னு சின்னதா நெனைக்காதே. தென்காசியில ஆபீஸ் போட்டு உலகத்துக்கே மென்பொருள் விக்கிற நம்ம சோஹோவையே எடுத்துக்க. அவங்க மெயில் சேவையில யாரோ கணக்குத் தொறந்து மோசடி மெயில் அனுப்பினதுக்குப் புகார் போச்சு. 2018 செப்டம்பர் 24-ம் தேதி அவங்க டொமைனைப் பதிஞ்சு வச்சிருந்த அமெரிக்கக் கம்பெனி, சோஹோ டாட் காமையே முடக்கிடுச்சு. உலகம் பூரா வாடிக்கைக்காரங்க தவிச்சாங்க. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டர்ல பகிரங்கமா உதவி கேக்க வேண்டியதாப் போச்சு. அவ்வளவு பெரிய இடத்துக்கே அப்படின்னா, உன் இட்லிக் கடை எந்த மூலைக்கு?

வாங்குற பக்கத்துலயும் வேலை இருக்கு. கடை விலாசத்துக்கு வர்றதை உன் சொந்த ஜிமெயிலுக்குத் தானா ஃபார்வர்டு பண்ணி வச்சிருக்கே. நடுவுல ஒரு சர்வர் கைமாத்தி விட்டா எஸ்.பி.எஃப். ஒத்துக்காது. கையெழுத்து இருந்தா, டி.கே.ஐ.எம்.தான் காப்பாத்தும். அதைவிட கடை விலாசத்தையே போன்ல சேத்து நேரா படி. ஸ்பாம்ல கெடந்ததை எடுத்து 'ஸ்பாம் இல்ல'ன்னு அமுக்கு. ஃபாரத்துலேருந்து வர்ற விலாசத்துக்கு ஒரு ஃபில்டர் போட்டு, 'ஸ்பாமுக்கு ஒருபோதும் அனுப்பாதே'ன்னு டிக் பண்ணு. ஆனா இதை முதல் வைத்தியமாப் பண்ணிட்டு ஃப்ரம்மை மாத்தாம விட்டுடாதே. யாஹூக்காரன் கடுதாசி உன் பெட்டிக்கே வராதப்போ ஃபில்டர் எதைப் புடிக்கும்?

அப்புறம் மெயிலை மட்டும் நம்பாதே. ஃபாரத்துல வர்றது சைட்டுலயே பதிவாகணும். கான்டாக்ட் ஃபாரம் 7 தானா எதையும் சேத்து வைக்காது. அதைச் செஞ்ச ஜப்பான்காரர் டகாயுகி மியோஷியே ஃப்ளமிங்கோன்னு இன்னொரு ப்ளகின் இலவசமாக் குடுத்திருக்காரு, போட்டுக்க. மெயில் தொலைஞ்சாலும் அங்க பேரு, நம்பர், தேதி உக்காந்திருக்கும். வாடிக்கைக்காரங்க விவரம் அதுல கெடக்கும், அதனால பாஸ்வேர்டைப் பத்திரமா வை, தேவை முடிஞ்சதை அழிச்சிடு. ஃபாரத்துக்குப் பக்கத்துல ஒரு வாட்ஸ்அப் நம்பரையும் போடு.

எல்லாம் முடிஞ்சா, ஜிமெயில்லேருந்து ஒண்ணு, யாஹூவுலேருந்து ஒண்ணு, அவுட்லுக்லேருந்து ஒண்ணுன்னு மூணு விலாசத்தைப் போட்டு உன் ஃபாரத்தை நீயே நிரப்பு. வந்ததைத் திறந்து ஷோ ஒரிஜினல்ல மூணு பாஸும், பாஸானது உன் டொமைன் பேருதானான்னும் பாரு. மாசா மாசம் ஒண்ணாம் தேதி இதைத் திரும்பச் செய். ஹோஸ்டிங் மாத்தினாலும், ப்ளகின் அப்டேட் பண்ணினாலும் அன்னைக்கே செய். இது நடந்து முடியற வரைக்கும் கூகுளுக்கு ஒரு பைசா விளம்பரம் குடுத்தேன்னா, மாமன் உன் அம்மாகிட்ட சொல்லிடுவேன். வர்ற ஆர்டரை வாங்கத் தெரியாதவனுக்கு விளம்பரம் எதுக்கு?